நான் செய்த மருந்தை யாரும் சாப்பிட்டதில்லை

ஒன்றைச் செய், சோதித்துப் பார், கீழே கொட்டு, கையைக் கழுவு, மறுபடி செய். மருந்து வேதியியல் என்கிற எங்கள் தொழில் மொத்தமும் இவ்வளவுதான். புதுச்சேரியில் ஒரு சின்ன தனியார் லேபில் பதினான்கு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். புற்றுநோய்க்கு மருந்தாகுமா என்று புதுப்புதுப் பொருள்களைச் செய்து பார்ப்பது பாதி வேலை. சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் செயற்கை இனிப்புகளைச் செய்வது மீதி வேலை. கல்யாண வீட்டில் "நீ என்னம்மா வேல பாக்குற?" என்று யாராவது ஆரம்பித்தவுடன் பந்திக்கு எழுந்து ஓடுகிற ஆளா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்மவர்தான், மேலே படியுங்கள்.

காலையும் மாலையும்

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் மதாம் ரோசலி கீழ்வீட்டில் இருக்கிறார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து காலமானவர். மகள் பாரீஸில். ஒருநாள் காபியில் இனிப்பு மாத்திரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே என் வேலையைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். கலக்குவதை நிறுத்திவிட்டார். அந்த மாத்திரையால் கேன்சர் வரும் என்று மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாளாம். டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொண்டால் பயப்பட வேண்டாம் என்று அரைமணி நேரம் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு சொன்னார்: "அப்ப நீ காலையில வியாதிய செஞ்சிட்டு சாயந்திரம் அதுக்கு மருந்தும் செய்ற. பரவால்ல, வேல போவாது."

ராஜவேலுவின் ரொட்டி

உலகத்தில் பேர்போன செயற்கை இனிப்புகளில் சில, கையைக் கழுவாமல் சாப்பிட்டவர்களும் விரலை நக்கியவர்களும் தற்செயலாகக் கண்டுபிடித்தவை. அதனாலேயே எங்கள் லேபில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சுவருக்குச் சுவர் எழுதி ஒட்டியிருக்கிறோம். அதனாலேயே எங்கள் ஒவ்வொருவர் மனசிலும் ஒரு நப்பாசையும் உண்டு.

பக்கத்து மேஜையில் வேலை செய்யும் ராஜவேலு ஒருநாள் மதியம் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரொட்டி இனிக்கிறது என்றார். அன்று காலை அவர் எடை போட்டது இருபத்தேழாம் நம்பர் பொடி. அதற்கு முந்தின வாரம்தான் அது கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களை அடியோடு கொன்றிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்திருந்தேன். கையைக் கழுவினீர்களா என்று கேட்டால், கழுவின மாதிரிதான் ஞாபகம் என்கிறார். ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பாதி வழியில், புது இனிப்புக்கு என்ன பேர் வைக்கலாம் என்று அவர் என்னிடமே யோசனை கேட்டார்.

ஒரு ராத்திரி முழுக்கப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் நேராக ரொட்டிக் கடைக்குப் போனவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு லேபுக்கு வந்தார். "மாவுல சக்கரைய ரெண்டு தடவ கொட்டிட்டானாம் மேடம். அதுக்குப் போயி நான் டிரிப்ஸ் ஏத்திக்கிட்டு வந்திருக்கேன்."

அஞ்சலை அக்காவின் யோசனை

எங்கள் குடுவைகளையெல்லாம் கழுவித் தருபவர் அஞ்சலை அக்கா. பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் வீட்டுக்காரர் கலியமூர்த்தி கடலுக்குப் போகிறவர். குடலில் கேன்சர் என்று கண்டுபிடித்து, கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ராஜவேலு திரும்பி வந்த இரண்டாம் நாள் அக்கா ஒரு சின்ன டப்பாவோடு என் மேஜைக்கு வந்து நின்றார். இருபத்தேழில் ஒரு சிட்டிகை வேண்டுமாம். அவர் யோசனையில் ஓட்டையே இல்லை. அது கேன்சரைக் கொன்றுவிட்டது என்று சமோசா கொடுத்தவள் நான். அதைச் சாப்பிட்ட ராஜவேலு கல்லுக்குண்டு மாதிரி திரும்பி வந்துவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்? அவர் சாப்பிட்டது வெறும் சர்க்கரை என்றேன். தட்டில் இருக்கும் செல்லை உப்பும் கொல்லும், சோப்பும் கொல்லும். இருபத்தேழு வீட்டுக்காரருடைய நல்ல செல்லையும் சேர்த்துக் கொன்றுவிடலாம், ஒரு எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்றேன்.

டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் நான் இருபத்தேழை எடுத்து எடை குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு மில்லிகிராம்கூடக் குறையவில்லை. அலமாரியைப் பூட்டித் திரும்பினால் அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. அவர் கோபப்படவில்லை. "நான் எடுக்க மாட்டேன் மேடம். எட்டு வருசமா ஒங்க கண்ணாடியெல்லாம் கழுவுறேன், அதுல ஒண்ணுகூடவா மனுசனுக்கு ஆவாது?"

வெல்லம்

ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை. பிறகு ஒருநாள், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். வீட்டுக்காரர் சாப்பிடுவதே இல்லை. எடை இறங்கிக்கொண்டே போகிறது. இன்னும் இறங்கினால் அடுத்த தடவை மருந்து ஏற்ற முடியாது, தள்ளிப்போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைச்சாவடிக்குப் போனேன். கலியமூர்த்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலை இழுத்த தோள், இப்போது அதில் சட்டை தொங்கியது. எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறதாம். அந்த மருந்து அப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியும். நாக்கு எப்படி ருசி அறிகிறது என்று பாடம் எடுக்கிற ஆள் அல்லவா நான்? கசப்பை மறைக்க இனிப்பு என்று பெரிய மனுஷி தோரணையில் கஞ்சியில் வெல்லம் போடச் சொன்னேன். ஒரு வாய் வாங்கினார். மரியாதைக்காக விழுங்கினார். கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "இரும்புக்கு வெல்லத்த தடவுனா அது என்னா ஆவும் டாக்டரம்மா? இனிக்கிற இரும்பாவும்."

கரண்டி

என் பதினான்கு வருட அனுபவம் அந்தக் கிண்ணத்தோடு தள்ளிவைக்கப்பட்டது. அக்கா விடவில்லை, இன்னொரு வாய் ஊட்டப் பார்த்தார். மருந்தில் விரல் மரத்துப்போனதால் அவரால் சோறு பிசைய முடியாது, அக்காதான் ஊட்டுவது. எவர்சில்வர் கிண்ணம், எவர்சில்வர் கரண்டி. கரண்டி உதட்டில் பட்டதுமே அவர் முகம் சுளித்தது. கஞ்சி இன்னும் உள்ளே போகவே இல்லை.

லேபில் சில பொடிகளுக்கு உலோகம் ஆகாது. அவற்றை எடுக்க பிளாஸ்டிக் கரண்டிதான் வைத்திருப்போம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற விஷயம். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் கோரிமேட்டில் நர்ஸிடம் போய், எவர்சில்வர் கரண்டியை மாற்றினால் அந்த இரும்பு ருசி குறையுமா என்று கேட்டேன். நிறைய பேருக்கு இப்படித்தான் ஆகும், எல்லாருக்கும் பலிக்காது, ஆனாலும் மாற்றிப் பாருங்கள் என்றார். வாயில் புண் இல்லையென்றால் எலுமிச்சம்பழமும் பிழியலாம் என்றார். பஸ் ஸ்டாண்டு கடையில் இரண்டு பிளாஸ்டிக் கரண்டியும் ஒரு பீங்கான் கிண்ணமும் வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. எனக்கும் பெரிதாக இல்லை.

முதல் நாள் அரைக் கிண்ணம். மூன்றாம் நாள் முழுக் கிண்ணம். அதற்கப்புறம் குடுவை கழுவுகிற சத்தத்தோடு அக்காவின் பேச்சும் லேபில் கேட்க ஆரம்பித்தது.

மருந்து ஏற்றுகிற நாளன்று நானும் கூடப் போனேன். கலியமூர்த்தி எடை மெஷினில் ஏறினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். லேபில் எத்தனையோ முடிவுகளுக்காகக் காத்திருந்திருக்கிறேன், இப்படி நர்ஸின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்ததில்லை. நர்ஸ் இரண்டு முறை பார்த்தார். எடை இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியே இருந்தது. அரைமணியில் டிரிப்ஸ் ஏற ஆரம்பித்தது. எந்த ஊரிலோ எவரோ எத்தனையோ முறை கொட்டிக் கவிழ்த்துக் கடைசியில் செய்து முடித்த மருந்து அது. அதைச் செய்தவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். இன்னும் நாலு தடவை பாக்கி இருக்கிறது, அப்புறம்தான் டாக்டர் ஏதாவது சொல்வார். நன்றாகச் சாப்பிடுகிறீர்களா என்று கலியமூர்த்தியிடம் கேட்டேன். யாரும் பக்கத்தில் இல்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீன் கொழம்பே திங்கிறேன் டாக்டரம்மா. பிளாஸ்டிக் கரண்டியால திங்கிறத ஊர்ல எவனாவது பாத்தா மானம் போயிடும், அதான் கதவ சாத்திட்டுத் திங்கிறேன்."

பதினான்கு வருட ஆராய்ச்சியில் என் கையிலிருந்து ஒரு நோயாளியின் வாய்வரை போய்ச் சேர்ந்தது பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய கரண்டி ஒன்றுதான், அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.