ரூத் அத்தைக்கு அடித்த மணி

இன்று காலை 7.10-க்கு, மலைமேல் பூஜை மணி ஓய்ந்த பின், எங்கள் சர்ச் மணி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக ஒலித்தது. எண்ணினேன்: எழுபத்தொன்று. பக்கத்துத் தெரு தேவராஜ் அண்ணனின் வயது. எங்கள் சபையில் ஒருவர் இறந்தால், அவர் வயதில் ஆண்டுக்கு ஓர் அடி.

எனக்கு ஒன்பது வயதாகும்போது ரூத் அத்தை இறந்தாள். அவளுக்கு ஐம்பத்து மூன்று. பெரிய குடும்பங்களுக்கென்று விட்டிருந்த முன்பெஞ்சில் ஒரு ஞாயிறு உட்கார்ந்து எழ மறுத்ததற்காக, அவள் பெயரைச் சபைப் பதிவேட்டிலிருந்து பாஸ்டர் நீக்கியிருந்தார். "பேர் இல்லாதவளுக்கு மணி இல்லை" என்று அன்று சொல்லியனுப்பினார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சர்ச்சுக்கு நடந்தாள். சுண்ணாம்பும் வவ்வால் எச்சமும் நாறிய மணிக்கூண்டுக்குள் நுழைந்து கயிற்றை இழுத்தாள். இருபத்தாறாவது அடியில் பாஸ்டர் ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு அடிக்கிற? இது யாரு கோயில்னு நெனச்சிகினு இருக்க?"

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பெருக்கித் தொடைச்சாளே, அவ கோயிலு. எண்ணிகினு இருக்கேன், நடுவுல பேசாதீங்க ஐயா."

அவர் விடாமல் கத்தினார். அம்மா நிறுத்தி, முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"எண்ணிக்கை தப்பிப்போச்சி. மறுபடி ஒண்ணுலேர்ந்து."

ஐம்பத்து மூன்றும் முழுதாக அடித்துவிட்டுத்தான் கயிற்றை விட்டாள். ஆக, அத்தைக்கு மொத்தம் எழுபத்தொன்பது.

தேவராஜ் அண்ணனின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கயிறு எங்கே தொங்குகிறது என்று எனக்குத் தெரியும்.