நீதிபதி அடித்த ஜோக்

ஜமைக்காவின் ஓல்ட் ஹார்பர் கடற்கரையில் மீன் பொரித்து விற்கும் வினெட், தன் மகனைச் சுட்டுக் கொன்றவனைக் கண்ணால் கண்டவள். பொழுது சாய்ந்த நேரம். படகுக் கொட்டகையில் ஒற்றை விளக்கு. சுட்டுவிட்டு ஓடியவன் ஒருமுறை திரும்பினான். கெரான். சின்ன வயதிலிருந்து அவளிடம் மீன் தலை கேட்டு வாங்கித் தின்றவன். வேறு சாட்சி கிடையாது.

விசாரணை முடிவில், குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் ஜூரிகளுக்கு வழிகாட்ட வேண்டிய நீதிபதி ஜோக் அடித்தார். "இந்தம்மா பொரிச்ச மீனத் தின்னே வளந்தவன். இவங்களுக்கா ஆள் தெரியாது?" ஜூரிகள் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வினெட்டும் சிரித்தாள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த கரை அது. யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. கெரானுக்கு ஆயுள் தண்டனை.

சில வருஷம் கழித்து மேல்முறையீட்டில் அந்த ஜோக்கே அவனைக் காப்பாற்றியது. மங்கிய வெளிச்சத்தில் தெரிந்த ஆளைக்கூட மாற்றி நினைக்கலாம், ஜாக்கிரதை என்று நீதிபதி ஜூரிகளை எச்சரித்திருக்க வேண்டுமாம். தண்டனை ரத்து, மறுவிசாரணை. அரசு வக்கீல் மிஸ் கேய்னர் நேரில் வந்து சொன்னாள்.

"அப்ப நான் பொய் சொன்னேங்கறாங்களா?"

"இல்ல மிஸ் வினெட். ஜட்ஜ் சொல்ல வேண்டியத சொல்லல, அவ்ளோதான்."

"தப்புப் பண்ணினது அங்கி போட்டவரு. எம்புள்ள விழுந்தத மறுபடி வந்து சொல்ல வேண்டியது நானு." வினெட் மணலில் காறித் துப்பினாள். வரமாட்டேன் என்றாள். அவள் வராவிட்டால் வழக்கே நிற்காது என்று வக்கீல் கெஞ்சிவிட்டுப் போனாள்.

சாட்சி பக்கமே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு கெரானுக்கு ஜாமீன் கிடைத்தது. வெள்ளிக்கிழமை அந்தி, கடை வரிசையில் வந்து நின்றான். முன்னால் நின்றவர்கள் வழிவிட்டு, கடலில் எதையோ தேடுகிறவர்கள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"தல இருக்கா மிஸ் வினெட்?" பல்பின் கீழே முகத்தை நீட்டினான். "வெளிச்சம் போதுமா? என்னத் தெரியுதா?"

அவன்மேல் வாசனைத் தைலம் வீசியது. கடலைப் பார்த்து நின்ற அந்த முதுகுகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"தெரியுது," என்றாள். அடுப்பை அணைத்துக் கடையை மூடினாள். போகிற வழியிலேயே வக்கீலுக்குப் போன் போட்டாள். அவன் வந்து நின்றதைச் சொன்னாள்.

"தேதியச் சொல்லு, வர்றேன். வெளக்கு எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம் பாத்தேன், எல்லாத்தையும் கேக்கட்டும். ஜட்ஜ் அந்த எச்சரிக்கைய ஒரு வரி விடாம சொல்லணும். சிரிக்க வைக்கிற வேலையெல்லாம் வேணாம்."