கோளாறு இல்லாத காரைத் தள்ளிய ஐந்து பேர்

போன செவ்வாய்க்கிழமை காலை, கொட்டுகிற மழையில், ஐந்து பேர் சேர்ந்து என் காரைத் தள்ளினார்கள். காரில் ஒரு கோளாறும் கிடையாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேனே...

வத்தல்மலைக்கு நாங்கள் குடிவந்து மூன்று வருஷமாகிறது. மூடுபனி, மிளகுக்கொடி, காப்பிப் பூ என்று இந்தப் பக்கத்தில் நான் அளந்துவிடுவதைப் படித்துவிட்டு, ‘கொடுத்து வைத்தவர் சார் நீங்க’ என்று கடிதம் போடுகிறீர்கள். உண்மையைச் சொல்லட்டுமா? மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்பு ஜாடியில் உப்பு இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். நாலு தீக்குச்சி கிழித்தால் ஒன்று பற்றும். துவைத்த பனியன் நாலு நாள் கொடியில் தொங்கி, ஐந்தாம் நாள் அடுப்புக்கு மேலே காய்ந்து, புகை நாற்றத்தோடு என் உடம்புக்கு வந்து சேரும். மழை வலுத்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் போனில் சிக்னலும் போகும். பல்வலி வந்தால்கூட இத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றித் தர்மபுரிக்குத்தான் இறங்க வேண்டும். காலை பஸ்ஸை விட்டீர்களா? அவ்வளவுதான், அடுத்தது எப்போது என்று யாரையும் கேட்காதீர்கள்.

இதையெல்லாம் ஏன் இத்தனை நாள் எழுதவில்லை? வீம்புதான். சேலத்தில் நன்றாக இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்ள மலையேறியவன் நான். ‘குளிருது’ என்று வாயைத் திறந்தால் ‘அப்பவே சொன்னோமே’ என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மாதேசன். மிளகும் சாமையும் பயிர் வைத்திருக்கிறார். அவர் மகள் கௌசல்யா லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒருவழியாகத் தர்மபுரியில் ஓர் இடத்தில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. வேலை கிடைத்தால் அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள்தான்.

திங்கட்கிழமை சாயந்திரம் டீக்கடையில் மாதேசன் சொன்னார்: “மொத பஸ்ஸுக்கே போயிடலாம்னு இருக்கோமுங்க சார். மழ புடிச்சிக்கிச்சின்னா பொண்ணு நனஞ்சி போயி நிக்கும், அதான் ரோசனயா இருக்குது.”

நான் டீயைக் குடித்துவிட்டுச் சும்மா வந்திருக்கலாம் இல்லையா? “பஸ் எதுக்கு மாதேசன்? என் கார் இருக்கு, நான் இருக்கேன். ஆறரைக்குக் கிளம்பினா எட்டு மணிக்கெல்லாம் வாசல்லயே இறக்கி விட்டுடறேன்” என்றேன். கடையில் இருந்தவர்கள் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மாதேசன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார்.

விடிந்தது. ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. கூரைத் தகரத்தில் மழை தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. கம்பளிக்கு வெளியே காலை நீட்டிப் பார்த்தேன். உடனே உள்ளே இழுத்துக்கொண்டேன். இன்னும் பத்து நிமிஷம்... இன்னும் ஐந்து நிமிஷம்... பனியில் வளைவுகளில் ஓட்டப் பயமாக இருந்தது என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். பயமெல்லாம் ஒன்றுமில்லை. குளிர். கம்பளி கதகதப்பாக இருந்தது. அவ்வளவுதான்!

ஆறு மணிக்கு முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ‘மழையைப் பார்த்துவிட்டு அவர்களே பஸ்ஸில் போயிருப்பார்கள்’ என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

ஆறரைக்குக் கதவைத் தட்டினார்கள்.

திறந்தால் மாதேசன். பின்னால் குடைக்குள் கௌசல்யா. இஸ்திரி போட்ட சுடிதார், இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றிய சர்டிபிகேட். “கெளம்பலாங்களா சார்?” என்று சிரித்தாள்.

“கார் ஸ்டார்ட் ஆகலம்மா. பேட்டரி டவுன்னு நினைக்கிறேன்” என்றது என் வாய்.

சேலமாக இருந்தால் இந்தப் பொய் தாராளமாகப் போதும். ‘அப்படியா சார்’ என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போயிருப்பார்கள். மலையில் போதாது. இங்கே குளிரில் எல்லார் வண்டியும் காலையில் மக்கர் பண்ணும். வண்டி நிற்கிறது என்று ஒருத்தர் சொன்னால், கூப்பிடாமலே அக்கம்பக்கம் வந்து தள்ளும். அதற்காகவே எல்லோரும் வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவார்கள். மூன்று வருஷமாக இதைப் பார்க்கிறேன். பொய் சொல்லும்போது ஞாபகம் வந்ததா? வரவில்லை.

“அட, அதுக்கென்னங்க சார், தள்ளிட்டா ஆச்சு!” மாதேசன் வேட்டியை மடித்துக் கட்டினார். எங்கிருந்தோ டீக்கடைக்காரர் வந்தார். பால் ஊற்றப் போன ஒருவர் கேனை இறக்கி வைத்துவிட்டு வந்தார். கௌசல்யா குடையை மடக்கி வைத்துவிட்டுக் கை கொடுத்தாள். ஐந்தாவது ஆள் யார் தெரியுமா? என் மனைவி சரசு! தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, “ஏங்க, ஏறி உக்காருங்க, நாங்க தள்றோம்” என்கிறாள்.

ஏறி உட்கார்ந்தேன். தள்ளி ஸ்டார்ட் பண்ணத் தெரிந்தவர்களுக்குத் தெரியும் — வண்டி உருண்டதும் கியரில் வைத்து கிளட்சை விட வேண்டும், இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பின்னாலிருந்து மாதேசன் கத்துகிறார்: “இப்ப வுடுங்க சார்! இப்ப வுடுங்க!”

நான் விடவில்லை. கிளட்சை அழுத்தி மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். கௌசல்யாவின் சுடிதார் முழங்கால் வரை சேறு. மாதேசனின் செருப்பு வார் அறுந்து, ஒரு கால் வெறுங்காலாக ஓடி வருகிறார். அப்போதாவது கிளட்சை விட்டிருக்கலாம். விட்டால் பொய் தெரிந்துவிடுமோ என்று இன்னும் அழுத்தி மிதித்தேன். கார் டீக்கடை வரை உருண்டு போய் நின்றது.

“வுடுங்க சார், நீங்க என்னா பண்ணுவீங்க, பாவம்” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, பைக் இரவல் கேட்க ஓடினார் மாதேசன். பைக் கிடைத்தபோது மணி எட்டு. பனியிலும் மழையிலும் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்களாம். கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை.

ஆனால் அதோடு முடியவில்லை...

அன்று மதியம் பைக் திரும்பி வந்தது. பின் சீட்டில் கௌசல்யா இல்லை. அவள் பஸ்ஸில் வருகிறாளாம். மலையடிவாரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார் மாதேசன். “சார் வண்டி நடு ரோட்டுல நிக்குதே, அவுரு என்னா பண்ணுவாருன்னு இட்டாந்துட்டேனுங்க.” மகளின் வேலை கைநழுவிப் போன நாளில் அந்த மனிதர் என் காரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்!

மெக்கானிக் சாவியைத் திருகினார். ஒரே திருகு. கார் அழகாக உறுமியது.

“பேட்டரி நல்லாத்தானுங்களே இருக்குது...” என்று என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாதேசனே முந்திக்கொண்டார்: “குளுருக்கு அப்பிடித்தாம்பா படுத்தும்.”

வீட்டுக்குள் வந்ததும் சரசு கேட்டாள்: “என்னையும் சேத்துத் தள்ள வெச்சீங்களே, வெக்கமா இல்ல?”

வெட்கமாக இருந்தது. சொல்லி மாளாத வெட்கம். இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. இதை உங்களுக்கு எழுதிவிட்டு ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். ஊருக்கெல்லாம் சொல்வது எளிது. பக்கத்து வீட்டுக்குச் சொல்வதுதான் கஷ்டம். “மொதல்ல அங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் எழுதுங்க” என்று பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள் சரசு.

வெள்ளிக்கிழமை போனேன். வாசலிலேயே நின்று சொல்லி முடித்தேன். மாதேசன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “உங்கள நம்பித்தானுங்களே பஸ்ஸ வுட்டோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கௌசல்யா கதவைப் பிடித்தபடி நின்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

“வர முடியாதுன்னு மொத நாளே சொல்லியிருந்தாலும் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டோம் சார். எங்களுக்கும் குளுருந்தானுங்களே.”