அறுபத்திரண்டு பலகையும் கொஞ்சம் கறுப்பும்

மர பாலிஷ் வேலையில் பிரஷ் பிடிக்கிற நேரம் கொஞ்சம், காயட்டும் என்று காத்திருக்கிற நேரம்தான் அதிகம் என்பது, இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கும் தெரியும்.

தூசி

ரிட்டையரான இன்ஜினீயர் சார் ஒருவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நெய்வேலிக்குப் பக்கத்திலேயே சொந்த வீடு கட்டினார். வாசலில் அறுபத்திரண்டு பலகை வைத்து மரத்தளம் போட்டிருந்தார். மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் அடிக்க என்னைக் கூப்பிட்டார். பலகைகளில் அங்கங்கே கறுப்பு. நம் ஊரில் கறுப்பாக இருந்தால் நிலக்கரித் தூசிதான் என்று நான் துடைத்துவிட்டு மேலேயே அடித்தேன். நாற்பத்தொன்றாம் நாள் ஸ்டெயினையும் மீறிக் கறுப்பு வட்டம் வட்டமாகக் கிளம்பிவிட்டது.

சார் என்னை நிற்க வைத்துக் கேட்டார்: "ஏன் பெரியவரே, நிலக்கரி முளைக்குமா? இன்னொரு தடவை கறுத்துதுன்னா அத்தனை பலகையையும் பேர்த்துட்டு டைல்ஸ் போட்டுடுவேன்."

நாலு வெயில்

பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைக் கறுப்பின் மேல் ஒரு சொட்டு விட்டேன். வெளுத்தது. தூசி அப்படி வெளுக்காது, பூஞ்சைதான். பழைய ஸ்டெயினைச் சுரண்டி எடுத்து, தேய்த்துக் கழுவி, நாலு வெயில் காயட்டும் என்று விட்டேன். மறுநாள் காலையில் போனால் தளம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது, நடுவில் கோலம்! சாருடைய வீட்டம்மாவிடம் சொல்ல எனக்குக் கூச்சம். சாரிடம் சொன்னேன். அவருக்கும் கூச்சம் போலிருக்கிறது. தினமும் தளம் நனைய, நாலு வெயிலை மூன்று முறை ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். கடைசியில் அந்த அம்மா தானாகவே விஷயத்தைக் கேட்டு, காயும் வரை தண்ணீர் தெளிக்காமலிருக்க மனசில்லாமல் ஒத்துக்கொண்டார்.

தண்ணீர் தெளிக்காத மூன்றாம் நாள், எதிர்வீட்டு அம்மாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து கேட்டார்: "வாசல்ல கோலத்தையே காணோமே... சார் நல்லாத்தானே இருக்காரு?"

இடுக்கு

பூஞ்சை மருந்து கலந்த ஸ்டெயினை மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைப் பழைய பனியனால் துடைத்தேன். பத்தொன்பது வருஷமாக என்னோடு வேலை செய்யும் முத்தாண்டிக்குப்பம் கலியமூர்த்தி, நான் டீ குடிக்கப் போன நேரத்தில், கதவு வேலை ஞாபகத்தில் பலகை இடுக்குகளையெல்லாம் மக்குப் பசை வைத்து அடைத்துவிட்டான். அறுபத்தோரு இடுக்கு! மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்கும், காற்று எந்த வழியாக ஏறும்? உட்கார்ந்து அத்தனையையும் இருவருமாகக் குடைந்து எடுத்தோம்.

அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "எல்லாரும் ஓட்டைய அடைக்கத்தான் ஆள் கூப்புடுவாங்க. ஓட்டைய தேடிகினு திரியற ஆளு நீ ஒருத்தன்தாண்ணே."

மழைக்குப் பிறகு

ஐப்பசி, கார்த்திகை முழுக்க அடித்து ஊற்றியது. விட்ட பிறகு, மணி அடிக்கத் தைரியமில்லாமல் காம்பவுண்டு சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன். தளத்தின் மேல் நீலத் தார்ப்பாய்! சார் பார்த்துவிட்டார். "நனையக் கூடாதுன்னு ரெண்டு மாசமா பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன் பெரியவரே" என்று பெருமையாக அதைத் தூக்கினார். குப்பென்று வாடை. தார்ப்பாய் எட்டிய இருபத்தொன்பது பலகையும் கறுப்பு. எட்டாமல் மழையில் கிடந்த முப்பத்துமூன்றும் தேன் நிறத்தில் அப்படியே இருந்தன. டைல்ஸ்காரரை இப்போதே கூப்பிடுவார் என்று நினைத்தேன்.

சார் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பக்கம் நீங்க செஞ்சது, இந்தப் பக்கம் நான் செஞ்சது. பலகை இருக்கட்டும், தார்ப்பாயை நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க."

மரத்தைப் பூஞ்சையிடமிருந்து காப்பாற்ற ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன். அதன்மேல் பிரியம் வைத்திருப்பவர்களிடமிருந்து காப்பாற்றத்தான் இன்னும் மருந்து கிடைக்கவில்லை.