யார் கொடுத்த ரத்தம்

மகளுக்கு ஏற்ற வேண்டிய ரத்தப்பையை நர்ஸ் கொண்டுவந்ததும், "யாரு குடுத்ததுன்னு கேளு" என்றார் மாமியார். ஸ்பிரிட்டில் நனைந்த பஞ்சின் வாசனை என்னை எட்டு வயதுக்கு இழுத்துப்போனது.

தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. "எங்க வீட்டு மருமகளுக்கு எங்க ரத்தந்தான்" என்று சட்டைக் கையை மடித்தார் பெரியப்பா. குரூப் சேரவில்லை. பரவை கிராமத்தில் எங்கள் வயலில் நாற்று நடும் முத்தம்மா அக்காவுடையது சேர்ந்தது.

"வேற ஆளப் பாருங்க" என்றார் பெரியப்பா.

வெளிறிய உதட்டோடு அம்மா சொன்னாள்: "அவுக நட்ட நெல்லத் தின்னுதான மாமா எனக்கு ரத்தமே ஊறுச்சு? ஏத்தச் சொல்லுங்க."

மாமியாரை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பையிலிருந்த குரூப்பை மூன்று முறை சரிபார்த்தேன்.

"யாரா இருந்தா என்ன அத்தை? சேருதுல்ல" என்று சொல்லி, மகளின் கையை நானே நீட்டிப் பிடித்தேன்.