நான்காவது புள்ளி

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் போகும் பாதையில் மண் சரிந்து அன்றோடு பதினொரு நாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது; அங்கிருந்து பாதைக்கு எண்பத்தாறு படி. முழங்கால் சம்மதித்து இறங்கினாலும் ஏறிப்போக பஸ் இல்லை. மூன்று பேர், இரண்டு அறை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம்.

விடுமுறைக்கு வந்த மகளும் எங்களோடு அகப்பட்டுக்கொண்டாள். அவள் வெளிநாட்டில் வானியல் ஆய்வு செய்கிறாள். இளம் விண்மீன் ஒன்று. நூற்று முப்பது ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதை அவர்கள் ‘பக்கத்தில்’ என்கிறார்கள். அதைச் சுற்றி வியாழனைவிடக் கனமான நான்கு கோள்கள். உருவாகி அதிக காலம் ஆகாததால் சூடு ஆறாமல் இன்னும் ஒளிர்கின்றன. அதனால் நேரடியாகவே படம் பிடிக்க முடிகிறது. ஆனால் விண்மீனின் வெளிச்சம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நடுவில் அதை மறைத்து, சிதறி மிஞ்சுவதைக் கணினியில் கழிக்க வேண்டும். கழிப்பதற்கு மகள் புதிதாக ஒரு முறை எழுதியிருந்தாள். மற்றவர்கள் முன்பே கண்ட நான்கு கோள்களும் அதில் தெரிந்தால்தான் அந்த முறை தேறும். தெரிந்தவை மூன்று. விண்மீனுக்கு மிக நெருங்கியது வரவேயில்லை.

“இந்தத் தடவையும் வரலைன்னா விட்டுட்டு வந்துடுறேன்ப்பா. டிக்கோயாப் பக்கம் ஏதாவது ஸ்கூல்ல படிச்சுக் குடுக்கிறேன்” என்று ஒன்பதாம் நாள் சொன்னாள்.

முப்பத்தொரு வருடம் தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவன் நான். “அவசரப்படாதம்மா” என்று வாய் சொன்னது. மனமோ, டிக்கோயாவிலிருந்து எந்த பஸ் பிடித்தால் விளக்கு வைப்பதற்குள் வீடு வருவாள் என்று கணக்குப் போட்டது.

பதினோராம் நாள் மத்தியானம், தோட்டத்தில் கொழுந்து பறித்துப் பழகிய என் மனைவி ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்.

“அப்படி என்னத்தடி கழிக்கிற?”

“நட்சத்திர வெளிச்சத்தைம்மா.”

“மழை நாள்ல கொழுந்து நிறுக்கையில கணக்கப்புள்ள ஈரத்துக்குன்னு கழிப்பாரு பாரு, அந்த மாதிரியா? ஈரம் ரெண்டு கிலோன்னா நாலு கிலோ கழிப்பாரு. தண்ணியோட நம்ம கொழுந்தும் போயிரும். நீயும் அந்த மாதிரிதான் கழிக்கிறியோ என்னமோ.”

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மடிக்கணினியை இழுத்து, கழிக்கும் அளவைக் குறைத்து மறுபடி ஓடவிட்டாள். நாற்பது நிமிடம் ஆனது.

“கண்ணு பூத்துப் போச்சு. எதைப் பார்த்தாலும் புள்ளியாத் தெரியுது. நீங்க எண்ணிச் சொல்லுங்கப்பா” என்று திரையை என் பக்கம் திருப்பினாள்.

நடுவில் கறுப்பு வட்டம். சுற்றிலும் அழுக்குப் படிந்தாற்போல் மங்கல். வெளியே மூன்று புள்ளிகள். கறுப்பு வட்டத்தின் ஓரத்தில், ஒட்டினாற்போல், நான்காவது. இரண்டு தடவை எண்ணினேன்.

“மூணுதாம்மா” என்றேன்.

அவள் திரையை மூடக் கை வைத்தாள்.

“இரு இரு, மூடாத” என்று மனைவி மாவுக் கையோடு வந்து குனிந்தாள். “இந்தா, இங்க ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குதே. நாலு. ஏங்க, ஊர்ப் புள்ளைகளுக்கெல்லாம் எண்ணப் படிச்சுக் குடுத்தீங்க, இது தெரியலையா?”

மகள் திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“கண்ணாடி போட்டுத்தானேப்பா இருக்கீங்க?”

“போட்டிருக்கேன்.”

ஒரே ஒரு படத்தை மட்டும் வைத்து நம்ப முடியாதாம். வேறொரு தடவை எடுத்ததிலும் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் கோள். இல்லையென்றால் வெறும் மிச்ச வெளிச்சம். அதையும் ஓடவிட்டாள். இன்னொரு நாற்பது நிமிடம். நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் வேறெங்கும் போக இடமில்லை.

படம் வந்தபோது அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

“அம்மா, நீங்க எண்ணுங்க” என்றாள்.