நாலாம் நம்பர் வீட்டின் பதிலாள்

எங்கள் தெருவின் பின்முனையில் ஒரு கல்லுருளை கிடக்கிறது. பாதி மண்ணுக்குள் போய்விட்டது. மீதியின் மேல் காலையில் பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளைகள் பையை வைக்கிறார்கள். வீட்டுக்கு அடித்த பெயின்ட் மிச்சமாகிப் போனதால் யாரோ அதற்கும் நீலம் பூசிவிட்டார்கள். நடுவில் செருகிய இரும்பு அச்சு ஒரு பக்கம் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது, துருப்பிடித்து. போன மாதம் கழிவுநீர்க் கால்வாய் கட்ட வந்த சூப்பர்வைசர் அதைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "யார் வூட்டுதும்மா இது?" என்று என்னைக் கேட்டான். சின்னப் பையன், கையில் அளவு நாடா. அவன் கேட்டதில் எந்தக் குத்தலும் இல்லை. நான்தான் நாளைக்குச் சொல்கிறேன் என்று உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்றைக்கு இது நகராட்சித் தெரு. அன்றைக்கு இது யாருடைய தெருவும் இல்லை. கள்ளக்குறிச்சிக்கு வெளியே கிடந்த கரும்புக் கொல்லையை மனை போட்டு விற்றவர், மனைகளை எங்களுக்கு எழுதிக்கொடுத்தார். தெருவை மட்டும் யாருக்கும் எழுதிக்கொடுக்காமல் கண்ணை மூடிவிட்டார். மழைக்காலத்தில் சேறு முழங்காலைத் தொட்டபோது மனுவும் கையுமாகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். "தனியார் இடத்துல நாங்க ஒரு கூடை மண்ணுகூடக் கொட்ட முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி சரி என்று எங்கள் தெருத் தலைவரே சொன்னார். அவர் தாலுகா ஆபீசில் வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற ஆர்.ஐ. சட்டம், விதி என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுகிற மாதிரி. தெருவுக்கு நாமே விதி போட்டுக்கொள்வோம் என்று அவர் வீட்டு வாசலில் எல்லோரையும் கூட்டினார். நான் அப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விதிகளைக் கார்பன் வைத்து டைப் அடித்துத் தரும் வேலை என் தலையில் விழுந்தது. உள்ளுக்குள் எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

மாதத்தின் கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு ஒரு ஆண் வர வேண்டும். கிராவல் சுமந்து கொட்டி, நீர் தெளித்து, உருளை இழுக்க வேண்டும். சேற்றுழவுக்கு இரும்புக் கேஜ்வீல் போட்ட டிராக்டர் தெருவுக்குள் வரக் கூடாது. குளித்த தண்ணீரைத் தெருவில் விடக் கூடாது. கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டால், குழியைக் கிராவல் போட்டு இடித்து மூடுகிற பொறுப்பு கல்யாண வீட்டுக்கு. மூன்று மாதம் ஆள் அனுப்பாத வீட்டுக்குக் கூட்டத்தில் ஓட்டு கிடையாது, வண்டி கொண்டுவரும் உரிமையும் கிடையாது. எங்கள் வீட்டில் ஆண் கிடையாது. அம்மாவும் நானும்தான். "பொம்பளைங்க வூடு, பாவம், வேலைய வுட்டுடலாம். ஓட்டும் வேணாம்" என்று ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பாவமும் வேண்டாம், தயவும் வேண்டாம், எங்கள் வீட்டுக்குப் பதில் ஓர் ஆள் வருவார் என்று எழுந்து நின்று சொன்னேன். தலைவர் சிரித்துக்கொண்டே ஏழாவது விதியைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்: வேலைக்கு வர இயலாத வீட்டார் அனுப்பும் பதிலாள் அவ்வீட்டாராகவே கருதப்படுவார். டைப் அடிக்கும்போது இன்னொரு வரியை நானாகச் சேர்த்தேன்: அவ்வீட்டாருக்குத் தெருவில் உள்ள எல்லா உரிமையும் அவருக்கும் உண்டு. கூலி ஆள் அனுப்புகிற வீடுதானே என்று நாளைக்கு எவரும் எங்களை அரை வீடாக நினைக்கக் கூடாது என்பதற்காக. அந்த வரி என் வீட்டு மானத்துக்காக எழுதியது. இன்னொருவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. எல்லோரும் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

பதிலாளாக வந்தவர் தெருவின் பின்முனைக்கு அப்பால் இருந்த காலனிக்காரர். கரும்பு வெட்டுவார், கிணறு தூர்வாருவார், எங்கோ ரோடு போடும் கும்பலோடு சில வருஷம் போயிருக்கிறார். ஆறு வருஷம் ஒரு கடைசி ஞாயிறுகூடத் தவறவில்லை. வடம் தோளை அறுக்காமல் இருக்கச் சாக்கை நாலாக மடித்துத் தைத்து ஒரு திண்டு செய்து வைத்திருந்தார். அது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்து ஆணியில் மாதம் முழுவதும் தொங்கும். மற்ற வீட்டு ஆண்கள் பீடி பற்றவைக்க உட்காரும்போது அவர் குனிந்து தெருவை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். "நடுவுல ஏத்தாம ரெண்டு ஓரத்துலயும் கொட்டிக்கினு கீறீங்களே, தண்ணி பூரா நம்ம வூட்டாண்டதான வந்து நிக்கும்" என்று ஒருநாள் சத்தம் போட்டார். நம்ம வூடு என்று அவர் சொன்னது எங்கள் வீட்டை. அதன்பிறகுதான் தெருவின் நடுவை ஒரு சாண் உயர்த்தினார்கள், எங்கள் வாசலில் தண்ணீர் நிற்பதும் நின்றது. வேலை முடிந்து வந்தால் அம்மா தண்ணீர் கொடுப்பாள். சுற்றுச்சுவர் மேல் அதற்கென்று ஒரு தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தோம். அதை இப்போது எழுதவே கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

ஒருநாள் அவர் அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேட்டார். "இன்னா பாப்பா, நம்ம பேருல அதுல இன்னாமோ எழுதிக்கீதாமே?" நான் உள்ளே போய்க் கார்பன் பிரதியைக் கொண்டுவந்து, இன்ஸ்டிடியூட்டில் டிக்டேஷன் கொடுக்கிற குரலில் ஏழாவது விதியைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். "அப்ப நானும் இந்தத் தெருக்காரன்னு சொல்லு" என்று சிரித்தார். "ஆமா, எல்லாரும் கையெழுத்தே போட்டிருக்காங்க" என்றேன். ஏதோ சொத்தை எழுதிக்கொடுத்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு மிதப்பு.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. அந்த வாரம் சங்கராபுரம் போகும் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் நின்றது. ஊருக்கு ஊர் குடிசை எரிகிறது என்று பேச்சு வந்துகொண்டே இருந்தது. எது நிஜம், எது புரளி என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. காலனியில் இருந்தவர்கள் மெயின் ரோட்டு முக்கூட்டுப் பக்கம் தலைகாட்டவே பயந்தார்கள். ஏன் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை, தெரியும் என்பதால். எங்கள் கவலை வேறு. முந்தின ஞாயிறுதான் புதுக் கிராவல் போட்டு உருளை இழுத்திருந்தோம். மெயின் ரோட்டில் வழி இல்லாமல் ஒரு லோடு லாரி எங்கள் தெருவுக்குள் நுழைந்து, நடுவில் அச்சுவரை புதைந்து, ஒரு பகல் முழுக்க உறுமிவிட்டுப் போனது. அன்றே தெருவின் இரண்டு முனைகளையும் மூடினோம். தெருக்காரர்கள் தவிர யாரும் போகக் கூடாது. பின்முனையில் கரும்பு லோடு கட்டும் சங்கிலியைக் குறுக்கே இழுத்து, ஒரு பக்கம் வேப்பமரத்திலும் மறுபக்கம் உருளையின் அச்சிலும் மாட்டினார்கள். வீட்டுக்கு ஒரு மணி நேரம் காவல். மறுநாள் காலை ஏழு மணி எங்கள் வீட்டு முறை. அதற்குப் பதிலாள் அனுப்ப எனக்குத் தோன்றவில்லை. நானே போய் நின்றேன். தலைவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், விதிக் காகிதம் சட்டைப் பையில். பின்னால் தெருவின் ஆண்கள் ஏழெட்டுப் பேர் பேப்பர் வராத காலையில் வேறு என்ன செய்வது என்று நின்றுகொண்டிருந்தார்கள்.

எங்கள் பதிலாள் வந்தார். கூட அவர் மனைவி, தலையில் துணி மூட்டை. பிரசவத்துக்கு வந்திருந்த மகள், மார்போடு அணைத்த பச்சைக் குழந்தை. பின்னால் கயிற்றில் இரண்டு ஆடு. கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த மைத்துனர் வீட்டுக்குப் போய், எல்லாம் அடங்கும்வரை இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருந்தார்கள். எங்கள் தெரு வழியாக வந்தால் முக்கூட்டைத் தொடாமல் மண்சாலையைப் பிடித்து மேற்கே போய்விடலாம். இல்லையென்றால் ஓடையில் இறங்க வேண்டும். மூன்று நாள் மழையில் ஓடை இடுப்பளவு போய்க்கொண்டிருந்தது.

"தெருக்காரங்க மட்டும்தாம்பா" என்றார் தலைவர்.

அவர் கெஞ்சவில்லை, கையைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. "நாலாம் நம்பர் வூட்டு பதிலாளுங்க நானு. வூட்டாருக்கு இன்னா உரிமையோ அது எனக்கும் உண்டுன்னு அந்தக் காகிதத்துலயே கீது. பாப்பா படிச்சுக் காட்டிச்சி" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், நான் ஆமாம் என்று சொல்வதற்குத் தேவையான நேரம் மட்டும்.

தலைவரும் என்னைப் பார்த்தார். "ஏம்மா, அப்படியா இருக்குது?"

அவர் பையில்தான் காகிதம் இருந்தது. எடுத்துப் பார்த்திருக்கலாம். எடுக்காமல் என்னைக் கேட்டார். நான் ஆமாம் என்றால் இன்னும் பத்து நிமிஷத்தில் காலனியே இந்த வழியாக வரும், அந்தப் பொம்பளைங்க வீட்டால்தான் என்று தெரு பேசும் என்று ஒரு பயம். அது மட்டும் என்றால்கூட என்னை நான் மன்னித்திருப்பேன். அத்தனை பேர் முன்னால், மூட்டையும் ஆடுமாக நின்ற அந்த மனிதரும் நானும் ஒரே வீட்டார் என்று என் வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளது அதுதான். "அது உருளை இழுக்கிறதுக்கு மட்டும்தாங்க" என்றேன்.

பின்னால் ஒருவர் "அதான பார்த்தேன்" என்றார். பதிலாள் தலைவரின் பையில் தெரிந்த காகிதத்தின் ஓரத்தைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும். "அன்னிக்கு வேற மாரி படிச்சியே பாப்பா" என்றார், கோபமில்லாமல். நான் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவியிடம், "வா, ஓடையப் பாத்துப் போவலாம்" என்றார். குழந்தை அழும் சத்தம் வேலிக்கு அப்பால் கொஞ்ச நேரம் கேட்டது. ஒரு மணி நேரம் முடியும்வரை நான் அங்கேயே நின்று என் முறையை ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

கலவரம் ஓய்ந்தபின் வந்த அடுத்த கடைசி ஞாயிறு. இனி வர மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். ஆறு மணிக்கு வந்தார். திண்டை எடுத்துத் தோளில் போட்டு, லாரி கிழித்த பள்ளத்தை நிரப்பி, முனையிலிருந்து முனைவரை இழுத்து முடித்தார். உருளையைப் பின்முனையில் நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறம் வந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை. வீட்டுக்காரி எங்கே என்று கேட்டாள். "ஓடையில வழுக்கி வுழுந்து கை ஒடஞ்சிபூச்சி. மலையாண்ட கட்டு போட்டுக்கினு கீது" என்றார். பிறகு என்னிடம், "பாப்பா, அந்தக் காகிதத்த இன்னொரு தபா படி" என்றார். நான் கொண்டுவந்தேன். இந்தத் தரம் டிக்டேஷன் குரல் வரவில்லை. இரண்டு வரியையும் விடாமல் படித்தேன். கடைசிச் சொல்வரை கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "அதான. எனக்குத்தான் மறந்துபூடுச்சோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். திண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். ஆணி மட்டும் சுவரில் இருந்தது. அடுத்த மாதம் அம்மா ஆள் அனுப்பியபோது, குடும்பத்தோடு மலையடிவாரத்துக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

பல வருஷம் கழித்துக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். நான் திரும்பிக்கொள்வதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார். வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாக ஒட்டியிருந்தது, டீயை இடது கையால் குடித்துக்கொண்டிருந்தார். "அம்மா நல்லா கீறாங்களா பாப்பா?" என்று கேட்டார். நடவுக்குப் போவதில்லை, குனிந்து நாற்றை ஊன்ற இந்தக் கை ஒத்துழைக்காது என்று நான் கேட்காமலே சொன்னார். "அவரு தவறிப்போயி ரெண்டு வருசம் ஆவுது" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது என்று இத்தனை காலமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பஸ் வந்து கால் மணி நேரம் நின்றுதான் கிளம்பியது.

போன மாதம் நான் கதவைச் சாத்திக்கொண்டதற்கு மறுநாள் சூப்பர்வைசர் மறுபடி வந்தான். உருளை கிடக்கும் இடத்தில்தான் கால்வாய் வருகிறதாம். யாருடையது என்று தெரிந்தால் எடுக்கச் சொல்லலாம், இல்லாவிட்டால் உடைத்து ஜல்லியாக்கிவிடுவார்களாம். "இத இழுத்துக்கினு இருந்தது நாலாம் நம்பர் வூட்டு ஆளாம், அதனால உங்க வூட்டுதுன்னு சொல்றாங்களே" என்றான். "எங்க வூட்டுப் பெரியவர் ஒருத்தரோடது" என்றேன். குரல் தடுமாறவில்லை. ஏன் தடுமாற வேண்டும்? சங்கிலி இல்லை, நாற்காலி இல்லை, பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. அவன் நோட்டைப் புரட்டி ஒரு வெள்ளைப் பக்கத்தை எடுத்தான்.

"அப்ப அவரையே வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டு எடுத்துக்கச் சொல்லுங்கம்மா" என்றான்.

சரி என்று சொன்னேன்.